முலுண்டில் தங்கிவிட்ட ஊசி

ஜன. 9, வெள்ளி

புகைமூட்டம். எதிர்க் கட்டடத்தின் நாலாம் மாடி தெரியவில்லை. ஒரு விதத்தில் நல்லது, அந்த வீட்டுக்காரி துணி உலர்த்துகிற அழகைப் பார்க்க வேண்டாம். தொண்டை கரகர. இவருக்கு இருமல். ஜன்னலைத் திறந்தால் இருமல், மூடினால் கோபம்.

இன்று: தாதரில் டாக்டர். கெமிஸ்ட். மிளகாய்ப்பொடி. பூ. நித்யாவுக்குக் கம்பளி பனியன் (கிடைக்கவில்லை, மும்பையில் யார் விற்பார்கள்).

டாக்டர் எடுத்த எடுப்பில், "ஆண்டி, உதர் டாக்டர் மிலா க்யா?" அங்கே டாக்டர் கிடைத்தாரா என்று. அப்பாயின்ட்மென்ட் வாங்கியிருக்கிறாள் என்றேன். பொய் இல்லை. ஏப்ரலில் என்று சொல்லவில்லை, அவ்வளவுதான். எங்கள் பெண் நித்யா வேலைக்கு ஜெர்மனி போய் மூன்று மாதம். ஹார்மோன் டாக்டருக்கு ஏப்ரல் வரை வரிசையாம். வீட்டுப் பக்கத்து டாக்டர் புது ஆட்களை எடுப்பதில்லையாம். ஆஸ்பத்திரிக்குப் போய் நின்றால் வாங்கலாம், அதற்கு லீவு போட வேண்டும், ஆபீஸில் ஏன் என்று கேட்பார்கள், ப்ரொபேஷன் முடியட்டும் என்கிறாள். நானும் சரி என்றுதான் சொன்னேன்.

டாக்டர் பழைய பாடத்தை மறுபடி ஒப்பித்தாள். நித்யாவின் உடம்பு தனக்கு வேண்டிய ஹார்மோனைத் தானாகச் சுரக்காது. மாத்திரை ஒரு வேளையும் தவறக் கூடாது. காய்ச்சல் வந்தால் இரட்டிப்பு. வாந்தி வந்தால் மாத்திரையை நம்பாதே, உடனே தொடையில் ஊசி, அப்புறம் ஆஸ்பத்திரி. தாமதித்தால் ரத்த அழுத்தம் விழுந்து, ஆள் மயங்கி... மிச்சத்தை அவள் சொல்ல மாட்டாள், நானும் கேட்க மாட்டேன். கையில் நோயின் பேர் போட்ட வளை போட்டுக்கொள்கிறாளா என்று கேட்டாள். "ஓ, கழட்டறதே இல்லை" என்றேன். அது எங்கள் பீரோவில் இருக்கிறது.

கெமிஸ்டில் மாத்திரை, இரண்டு ஊசி மருந்து, சிரிஞ்ச். ஊசிதான் முக்கியம். கொண்டுபோன இரண்டில் ஒன்றைப் போன புதிதில் போட்டுக்கொண்டாள், இன்னொன்று குளியலறையில் விழுந்து உடைந்தது. இப்போது அவளிடம் ஒன்றுகூட இல்லை.

முலுண்ட் கோமதி மாமி திங்களன்று ஜெர்மனி போகிறாள். பிள்ளை கார்த்திக்குக்கு நித்யா இருக்கும் அதே ஊரில் வேலை. மாட்டுங்காவில் யார் எப்போது எந்த நாட்டுக்குப் போகிறார்கள் என்பது கோவில் வாசல் பூக்காரி வரை தெரியும். போகிறவர் பெட்டியில் பாதி ஊர்க்காரர் சாமான்தான். யாரும் மாட்டேன் என்று முகத்துக்கு நேரே சொல்வதில்லை. நானே இரண்டு தடவை யார் வீட்டு மாவடுவையோ சுமந்திருக்கிறேன்.

ஜன. 10, சனி

முலுண்ட் போய் வந்தேன். ட்ரெயினில் பக்கத்துப் பெண் ஃபோனில்: "நான் என்ன பைத்தியமா? சொல்லு. நான் பைத்தியமா?" குர்லா வரை இதேதான். அந்தப் பக்கத்து ஆள் பதில் சொல்லவில்லை போல.

மாமி வீட்டு ஹாலில் இரண்டு பெட்டி வாயைப் பிளந்துகொண்டு. மாமா முழங்கால் வலியால் போகவில்லை, சோபாவில் உட்கார்ந்து எதை எங்கே வைப்பது என்று உத்தரவு போடுகிறார், மாமி ஒன்றையும் கேட்பதில்லை. என் பையைக் கவிழ்த்துப் பார்த்தாள். முறுக்கு, பொடி, மாத்திரை. ஊசிப் பெட்டியை எடுத்துக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டாள்.

"ஜெயா, என்னடி இது, ஊசியா?"

"சும்மா, அலர்ஜிக்கு மாமி. குளிர் ஊரோன்னோ."

"மாத்திரை இத்தனை?"

"வைட்டமின். அங்கே வெயிலே கிடையாதாமே."

இவ்வளவு சரளமாக எனக்கு வரும் என்று எனக்கே தெரியாது. மாமி தலையாட்டினாள். அப்புறம் காபியைக் கையில் கொடுத்துவிட்டு, உட்கார்ந்து, குரலை இறக்கி:

"எங்கண்ணா பிள்ளை நெருள்ல இருக்கானே, அவனுக்கும் ஜெர்மனிக்கு மாத்தல் வரும்போல இருக்கு. மார்கழில பேச்செடுக்க வேண்டாம். தை பொறந்ததும் அண்ணாவையும் மன்னியையும் உங்காத்துக்கு அனுப்பறேன். நித்யாவை ஃபோன்லயே பாத்துக்கட்டும். நம்ம நித்யாக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லையே? இப்போ பொண்களுக்கெல்லாம் எதாவது ஒண்ணு இருக்கு, அதான் கேக்கறேன்."

"ஒண்ணும் இல்லை மாமி. கல்லு மாதிரி இருக்கா."

வாய் தானாகச் சொல்லிற்று.

வீடு திரும்பியதும் இவர், "சொன்னியா?" என்றார். எதை என்று கேட்டேன். டிவி பக்கம் திரும்பிவிட்டார். கொஞ்சம் கழித்து, டிவியைப் பார்த்தபடியே, "கல்யாணத்துக்கு அப்பறம் ஊசியை எங்கே ஒளிச்சு வெப்பே?" என்றார். முப்பத்திரண்டு வருஷத்தில் இவர் கேட்ட நல்ல கேள்வி இது ஒன்றுதான். ஏற்கெனவே ஒரு இடம் வியாதி தெரிந்து தட்டிப் போயிற்று. அந்தப் பிள்ளையின் அம்மா சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "தெரிஞ்சே யாராவது பண்ணிப்பாளா?"

ஜன. 13, செவ்வாய்

மாமி நேற்றுக் கிளம்பிவிட்டாள். ஏர்போர்ட்டிலிருந்து ஃபோன்: "எல்லாம் க்ளியர் ஆயிடுத்து." மூச்சு வந்தது. கோவிலில் ஒரு தேங்காய்.

நித்யா வீடியோவில். வெளியே இருட்டு, அங்கே நாலரை மணிக்கே இருட்டிவிடுமாம். இலுப்பச்சட்டியில் ஏதோ கிளறிக்கொண்டே பேசினாள். கரண்டி பிடித்த கை தெரிந்தது. விரல் மூட்டுகள் கறுத்திருக்கின்றன. நோய் தெரிவதற்கு முன்னால் இப்படித்தான் கறுத்தது. நான் என்னத்தைக் கண்டேன், பயத்தம்மாவு தேய்த்தேன்.

"மாத்திரை ஒழுங்கா சாப்பிடறயோ?"

"சாப்பிடறேன்மா."

"முழுசா?"

அடுப்பை அணைத்தாள். அப்புறம், "ஸ்டாக் கம்மியா இருந்துது. மத்தியான டோஸ் கொஞ்ச நாளா பாதி பாதியா. இப்போதான் மாமி கொண்டு வந்துட்டாளே. டென்ஷன் மத் லேனா." கவலைப்படாதேயாம்.

கத்தினேன். அவளும் கத்தினாள். கட் பண்ணிவிட்டாள்.

வாங்க வேண்டியது: கரும்பு, மஞ்சள் கொத்து, வெல்லம்.

ஜன. 14, புதன். போகி.

காலையில் ஃபோனைப் பார்த்தால் அவள் மெசேஜ், இங்கிலீஷ் எழுத்தில் தமிழ்: முறுக்கு பொடியாயிடுத்து, மாத்திரை வந்துடுத்து, ஊசி எங்கேம்மா?

முலுண்டுக்கு ஃபோன் போட்டேன். மாமா நிதானமாக எடுத்தார். பொங்கல் வாழ்த்து முதலில். அப்புறம்:

"அதுவா? கோமதி எடுத்து வெச்சுட்டா. ஊசியைப் பாத்தா ஏர்போர்ட்ல நிறுத்திக் கேள்வி மேல கேள்வி கேப்பான்னு அவளுக்குப் பயம். அலர்ஜிக்குத்தானே, அங்கயே கிடைக்கும்னா. உன் முகத்துக்கு நேரே சொல்லக் கஷ்டமா இருந்துதாம். என்னைச் சொல்லச் சொன்னா, நான் மறந்துட்டேன். ஃப்ரிட்ஜ்ல காய்கறித் தட்டுல பத்திரமா இருக்கும்மா."

பத்திரமா இருக்கு. கத்தரிக்காய்க்கும் கொத்தமல்லிக்கும் நடுவில் என் பெண்ணின் உயிர் பத்திரமாக இருக்கிறது. மாமி மேல் வந்த கோபத்துக்கு அளவில்லை. அரை மணி கழித்து அந்தக் கோபத்துக்கு நிற்க இடமில்லாமல் போயிற்று. அலர்ஜி என்று சொன்னது யார்?

போய் எடுத்து வந்தேன். ஜில்லென்று இருந்தது பெட்டி. ட்ரெயினில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

ஜன. 15, வியாழன். பொங்கல்.

பால் பொங்கியது. கிழக்குப் பக்கமா வழிந்தது என்று இவர் சந்தோஷப்பட்டார். கேஸ் அடுப்பில் எந்தப் பக்கம் சாய்த்து வைக்கிறோமோ அந்தப் பக்கம் வழியும்.

நித்யாவிடம் சொன்னேன்: இப்போதே எந்த ஆஸ்பத்திரிக்காவது போ, நோயின் பேரைச் சொல், ஊசி வாங்கி வீட்டில் வை. "வீக்எண்ட் கழிச்சு போறேன்மா. ப்ராமிஸ்." கூட இருக்கும் போலந்துப் பெண்ணிடமாவது சொல்லி வை என்றேன். "நீதானே யாருக்கும் தெரிய வேண்டாம்னே. அவளும் எங்க ஆபீஸ்தான்." நான்தான் சொன்னேன். போன வருஷம், முந்தின வருஷம், விமான நிலையத்து வாசலில்.

அந்த வளை வேண்டும், அனுப்பு என்றாள் கடைசியில். அதைக் கேட்டதும்தான் எனக்குப் பயம் பிடித்தது. இதுவரை அவளாகக் கேட்டதில்லை.

ஜன. 16, வெள்ளி

கூரியர்காரன்: மருந்து சரி, ஊசி மருந்து வேண்டாம் மேடம், அங்கே கஸ்டம்ஸில் உட்கார்ந்துவிடும். இன்னொரு இடம், அதே பதில், கொஞ்சம் மரியாதை குறைச்சல். செம்பூரில் ஒரு பையன் அடுத்த வாரம் போகிறானாம். அடுத்த வாரம்.

நெருள்காரர்கள், மாமியின் அண்ணாவும் மன்னியும், ஃபோன். ஞாயிறு வருகிறார்கள். நாலரைக்கு ராகு காலம், அதனால் மூன்றரைக்கு. பேச்சு நன்றாக இருக்கிறது. நல்ல மனுஷர்கள் மாதிரித்தான் தெரிகிறது. எல்லோரும் தெரியாதவரை நல்ல மனுஷர்கள்.

நித்யா ஆபீஸில் வயிற்றுப்போக்கு, வாந்தி என்று நாலைந்து பேர் லீவாம். குளிர்காலத்தில் அங்கே இது வழக்கமாம். சிரித்துக்கொண்டே சொல்கிறாள்.

ரவை இருக்கிறது. வாழைக்காய் வாங்க வேண்டும்.

ஜன. 17, சனி

காய்ச்சல். இரட்டிப்பு டோஸ் எடுத்துக்கொண்டிருக்கிறாள். குரல் மெதுவாக வருகிறது, ஒவ்வொரு வார்த்தையையும் எங்கிருந்தோ எடுத்து வருகிறாள். உப்பு நார்த்தங்காய் சாப்பிட்டாளாம், ஒரு பாட்டில் முழுக்க. உப்புக்கு ஏங்கினால் உடம்பு கீழே போகிறது என்று அர்த்தம். அவளுக்கும் தெரியும்.

இவர்: "கோமதிகிட்ட சொல்லிடேன். அதே ஊர்ல இருக்கா. கார் இருக்கு. அரை மணில போய்ப் பாத்துடுவா."

"நாளைக்கு அவா அண்ணா வரார். இன்னிக்குச் சொன்னா ராத்திரியே நெருளுக்குப் போயிடும்."

"போகட்டுமே."

"உங்களுக்கென்ன, சொல்லிட்டு டிவி பாப்பேள். ஒரு நாள். அவா வந்துட்டுப் போகட்டும், திங்கக்கிழமை நானே சொல்றேன்."

ஃபோனை எடுத்தேன். மாமியின் பேர் வரை போனேன். வைத்துவிட்டு வாழைக்காய் வாங்கப் போனேன். இதை எழுதும்போது கை கூசுகிறது, ஆனால் நடந்தது இதுதான்.

ஜன. 18, ஞாயிறு

மூட்டம் இல்லை. பளிச்சென்று வெயில். ஹாலைக் கழுவித் துடைத்தாயிற்று. சோபா உறை மாற்றியாயிற்று.

பதினோரு மணிக்கு (அங்கே விடியற்காலை ஆறரை) மெசேஜ்: ஒரு தடவை வாந்தி, மறுபடி மாத்திரை போட்டுண்டேன், நின்னுடுத்து. தூங்கறேன், எழுப்பாதே. நீ சொன்ன டைமுக்கு எழுந்து தலை வாரிப்பேன்.

வாந்தி. டாக்டருக்குப் போட்டேன், ஸ்விட்ச் ஆஃப். நித்யாவுக்குப் போட்டேன், எடுக்கவில்லை. தூங்குகிறாள். எழுப்பாதே என்றுதானே சொன்னாள். நின்றுவிட்டது என்றுதானே சொன்னாள். இவர் வாசற்படியில் நின்று என்னையே பார்க்கிறார். அவரைப் பார்க்காமல் சொஜ்ஜி கிளறுகிறேன்.

அதே நாள், மாலை

கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. அதனால் எழுதுகிறேன்.

சரியாக மூன்றரைக்கு வந்தார்கள். அவர், மனைவி. மாம்பழக் கலர் பட்டு. சொஜ்ஜி நன்றாக இருக்கிறது என்றாள். ஃபோனைச் சொம்பில் சாய்த்து வைத்து வீடியோ போட்டேன். எல்லோரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். அடித்து அடித்து நின்றது. "ஞாயித்துக்கிழமையோன்னோ, தூங்கறா" என்று அந்த அம்மாள் சிரித்தாள். மறுபடி. மூன்றாம் தடவை யாரும் சிரிக்கவில்லை.

இவர் எழுந்தார். வந்தவர்கள் எதிரிலேயே, சத்தமாக: "ஜெயா. கோமதிக்குப் போடு."

சமையலறைக்குப் போனேன். எங்கள் சமையலறைக்குக் கதவு கிடையாது, திரைதான். பேசினால் ஹாலில் ஒரு எழுத்து விடாமல் கேட்கும். மாமி எடுத்தாள், "என்னடி, அண்ணா வந்தாச்சா?" என்று உற்சாகமாக.

"மாமி, நான் பொய் சொன்னேன். அது அலர்ஜி ஊசி இல்லை. நித்யாவுக்குப் பெரிய வியாதி இருக்கு. வாந்தி எடுத்திருக்கா. அந்த ஊசி போடலைன்னா பொழைக்க மாட்டா. ஃபோன் எடுக்க மாட்டேங்கறா. போய்ப் பாருங்கோ மாமி, உங்க காலைப் பிடிச்சுக்கறேன்."

திரைக்கு அந்தப் பக்கம் கரண்டிச் சத்தம் நின்றது.

மாமி திட்டுவாள் என்று நினைத்தேன். "ஏன்டி, இதை அன்னிக்கே சொல்லியிருந்தா தலைல வெச்சுண்டு போயிருப்பேனேடி" என்றாள். அழுகிற குரல். அப்புறம், "கார்த்திக், சாவி எடுடா."

ஹாலுக்கு வந்தபோது நெருள்காரர்கள் எழுந்து நின்றுகொண்டிருந்தார்கள். அந்த அம்மாள் செருப்பு மாட்டிவிட்டாள். "அப்பறம் வரோம்" என்றாள். அவர் மட்டும் வாசல் வரை போய்த் திரும்பி, "பொண்ணுக்குச் சரியாகட்டும்" என்றார். வெட்கம் வரும் என்று இத்தனை காலம் பயந்தேன். வரவில்லை. அதற்கு இடமில்லை.

மாமி ஃபோன் பண்ணினாள், நித்யா வீட்டு வாசலிலிருந்து. போலந்துப் பெண் கதவைத் திறந்தாளாம். விடியற்காலம் குளியலறைப் பக்கம் சத்தம் கேட்டு வந்து பார்த்தால் நித்யா தரையில் கிடந்தாளாம், நினைவில்லை. அந்தப் பெண்தான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருக்கிறாள். வந்தவர்கள் அவளைக் கேட்டிருக்கிறார்கள், நித்யாவுக்கு ஏதாவது வியாதி உண்டா, மருந்து சாப்பிடுகிறாளா என்று. ஒன்றும் கிடையாது, ஆரோக்கியமானவள் என்று அந்தப் பெண் சொல்லியிருக்கிறாள்.

"தினமும் மாத்திரை சாப்பிடுவாளே மாமி, அந்தப் பொண்ணு பாத்ததே இல்லையா?"

"கதவைச் சாத்திண்டு சாப்பிடுவாளாம்டி."

அந்தப் பெண்ணின் மேல் என்ன தப்பு. தெரிந்ததைச் சொல்லியிருக்கிறாள். மெசேஜ் அனுப்பிக் கொஞ்ச நேரத்திலேயே நித்யா விழுந்திருக்கிறாள். நான் சொஜ்ஜிக்கு முந்திரி வறுத்துக்கொண்டிருந்திருப்பேன். அப்போதிலிருந்து ஒரு ஆஸ்பத்திரியில், என்ன வியாதி என்று தெரியாமல் யார் யாரோ அவளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

மாமியும் கார்த்திக்கும் ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள். நோயின் பேரைக் கார்த்திக்குக்கு அனுப்பினேன். மாத்திரைப் பேர், ஊசிப் பேர், எல்லாம். இவர் விளக்கேற்றினார். அவருக்குத் திரி போடத் தெரியாது, இரண்டு தடவை அணைந்தது. நானும் போய் ஏற்றவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

வெளியே பிள்ளைகள் கிரிக்கெட். "அவுட், அவுட்" என்று ஒரே கூச்சல். ஜன்னலை மூடினேன். இவர் இன்று ஒன்றும் சொல்லவில்லை.

மறுபடி மாமி ஃபோன். உள்ளே விட மாட்டேன் என்கிறார்களாம். கார்த்திக் சொன்னது வாசலில் இருக்கிற ஆளுக்குப் புரியவில்லையோ, சொந்தக்காரன் இல்லை என்று கேட்கவில்லையோ. கடைசியில் ஒரு நர்ஸ் வந்தாள். தாய் ஃபோனில் இருக்கிறாள் என்று மாமி ஃபோனை அவள் கையில் திணித்துவிட்டாள்.

பேரைச் சொன்னேன். அடிசன்ஸ். மறுபடி சொல்லச் சொன்னாள். கத்திச் சொன்னேன். கீழ் வீடு, எதிர் வீடு, இந்தக் கட்டடம் முழுக்கக் கேட்டிருக்கும். ஸ்டிராய்ட் ஊசி, இப்போதே, உடனே என்றேன். எவ்வளவு காலமாக என்று கேட்டாள். ஒன்பது வருஷம் என்றேன்.

அவள் யாரையோ உரக்கக் கூப்பிட்டாள். ஃபோனை எங்கோ வைத்துவிட்டாள். ஓடுகிற காலடிச் சத்தம், ஒருத்தர் இல்லை, பல பேர். ஒரு கதவு அடித்துக்கொள்கிறது. மெஷின் ஒன்று விடாமல் கத்துகிறது. இவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். நான் ஃபோனை வைக்கவில்லை.